என் வலிப்பை நான் பார்த்ததில்லை: காரணம் தெரியாமல் ஃபிட்ஸ் வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எனக்கு வலிப்பு வரும். ஆனால் என் வலிப்பை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் அம்மா, தங்கை, ஒரு முறை பஸ் ஸ்டாண்டில் பூ விற்றுக்கொண்டிருந்த ஓர் அக்கா. எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்குப் பிறகு இருப்பதுதான்: நாக்கின் ஓரத்தில் எரிச்சல், உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலி, சுற்றிலும் பயந்த முகங்கள், யாரோ என் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்பது.

முதல் ஃபிட்ஸ் வந்தபோது எனக்கு 21 வயது. இது இன்ன வகை வலிப்பு நோய் என்று ஒரு டாக்டர் உறுதியாகச் சொல்ல ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷத்தில் எடுத்த ஸ்கேன்களை எல்லாம் ஒரு தட்டிலும், எங்கள் வீட்டில் நான் உடைத்த கண்ணாடி டம்ளர்களை இன்னொரு தட்டிலும் வைத்தால், டம்ளர் தட்டுதான் கீழே இறங்கும். அந்தக் கதை கொஞ்சம் பின்னால் வருகிறது. வலிப்பைக் கண்டுபிடிப்பதில் மெஷினைவிடப் பக்கத்தில் நின்று பார்த்தவர் சொல்லும் விவரத்துக்கு மதிப்பு அதிகம் என்பதை நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். நீங்கள் சீக்கிரம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதை உங்களைப் பரிசோதிப்பவர்தான் சொல்ல வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம்

இந்தப் பகுதி வலிப்பு வருகிறவருக்கு உதவாது, அவரால் அந்த நேரத்தில் எதுவும் செய்ய முடியாது. வீட்டில் இருப்பவர்களையும் ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரரையும் படிக்கச் சொல்லுங்கள்.

ஆள் விழுந்ததும் முதலில் மணியைப் பாருங்கள். எவ்வளவு நேரம் இழுத்தது என்பது பிறகு டாக்டர் கேட்கப்போகும் கேள்வி. பதற்றத்தில் இருப்பவர்களுக்கு ஒரு நிமிடம் அரை மணியாகத் தெரியும். என் அம்மா எல்லோரிடமும் "கால் மணி நேரம் இழுத்துச்சு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த முறை தங்கை கடிகாரம் பார்த்தாள்: ஒன்றரை நிமிடம். பெரிய வலிப்புகள் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் தாமாகவே அடங்கிவிடும்.

தலைக்கு அடியில் துண்டையோ பையையோ மடித்து வையுங்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுங்கள், கழுத்தில் துப்பட்டா இறுகியிருந்தால் தளர்த்துங்கள். இடிக்கக்கூடிய சாமான்களைத் தள்ளிவையுங்கள். உதறல் அடங்க ஆரம்பித்ததும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சிலும் வாந்தியும் வெளியே வழிந்துவிடும், மூச்சுக்குழாய்க்குள் போகாது. நினைவு முழுதாகத் திரும்பும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

நம் ஊரில் யார் விழுந்தாலும் கூட்டத்திலிருந்து ஒரு சாவிக்கொத்து வந்துவிடும். இரும்பு கொடுத்ததும் நின்றுவிட்டது என்று சத்தியம் செய்வார்கள். எப்படியும் நிற்கப்போகிற நேரத்தில்தான் அந்தச் சாவி வந்து சேர்ந்திருக்கும். அதனால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். சாவியைத் தேடுகிற அவசரத்தில் ஆளை ஒருக்களிக்க மறந்துவிடுகிறார்கள், அதுதான் கெடுதல். வாய்க்குள் ஸ்பூன், துணி, விரல் எதுவும் போகக்கூடாது. பல் உடையும், விரல் கடிபடும். நாக்கை யாராலும் விழுங்க முடியாது. தண்ணீரோ சோடாவோ ஊற்றக்கூடாது. கை கால்களை அமுக்கிப் பிடிக்கக்கூடாது, தோள்மூட்டு விலகிவிடும்.

ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை, நின்றும் நினைவு திரும்பாமல் அடுத்தது தொடங்குகிறது, விழுந்ததில் தலையில் அடி, தண்ணீருக்குள் வந்தது, விழுந்தவர் கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி: இதில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். வாழ்க்கையில் முதல் தடவை வந்த வலிப்பு என்றால், தானாக நின்றுவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொரு வேலையும் உண்டு. ஆளைப் பத்திரப்படுத்திய பிறகு, கூட இன்னொருவர் இருந்தால், அவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். முகம், கண், இரண்டு கை, இரண்டு கால் எல்லாம் தெரியும்படி கொஞ்சம் தள்ளி நின்று எடுக்க வேண்டும். அடங்கிய பிறகும் இரண்டு நிமிடம் ஓடட்டும், பேச்சு எப்போது திரும்புகிறது என்பதும் முக்கியம். வீட்டுக்காரர்களுக்கு இது மனசுக்கு ஒப்பாது. 'பிள்ளை துடிக்கிறான், நான் படம் பிடிக்கவா?' என்று ஒரு மாமா என்னிடம் கோபப்பட்டார். நரம்பியல் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு என்ன சொல்கிறார் என்று பாருங்கள், பிறகு கோபப்படலாம் என்றேன்.

அன்றைக்கே பார்க்க வேண்டியவை

வலிப்பு வந்தாலே வலிப்பு நோய் என்று பொருள் இல்லை. உலகில் பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வலிப்பு வரக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் பலருக்கு அது திரும்பி வருவதே இல்லை. உடம்பில் வேறு ஏதோ கோளாறு மூளையைச் சீண்டியதால் வந்திருக்கலாம்: ரத்தத்தில் சர்க்கரையோ சோடியமோ கால்சியமோ குறைந்தது, மூளைக்காய்ச்சல், தலையில் அடி, கர்ப்ப காலத்தில் ஏறிய பிரஷர், தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தியது. வலிக்காகக் கொடுக்கும் டிரமடால் போன்ற சில மருந்துகளும் வலிப்பைக் கிளப்பும். அதனால் வீட்டில் சாப்பிட்ட எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட, கையோடு கொண்டுபோங்கள்.

எமர்ஜென்சியில் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். கூடவே ஈ.சி.ஜி. எடுத்தார்களா என்று கேளுங்கள். மூளைப் பிரச்சினைக்கு எதற்கு இதயப் பரிசோதனை என்று தோன்றும். இதயத்துடிப்பு தாறுமாறாகி ரத்த ஓட்டம் தடைப்பட்டாலும் ஆள் விழுந்து கை கால் உதறும், பார்க்க அச்சு அசல் வலிப்பு மாதிரியே இருக்கும். அதைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து.

என்னை முதல் நாள் பார்த்த இடத்தில், "ராத்திரி சாப்பிடல, தூங்கல, மயக்கம்தான்" என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அத்தை மகள் கல்யாணம். மண்டபத்தில் விடிய விடியக் கோலம் போட்டுப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, முகூர்த்தத்துக்குக் கிளம்பும்போது விழுந்தேன். தூங்கவில்லை என்பது உண்மைதான். தூக்கமின்மை என் கதையில் எவ்வளவு பெரிய துப்பு என்பது அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை.

நோட்டு போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு முறை வந்தபோதும், பார்த்தவர் சொல்லச் சொல்ல அன்றைக்கே எழுதிவிடுங்கள். ஒரு வாரம் போனால் பார்த்தவர் நினைவில் பாதி கரைந்துவிடும், மீதியை உறவினர்கள் சேர்ந்து வேறு கதையாக்கிவிடுவார்கள்.

எழுத வேண்டியது மூன்று பகுதி. முதலாவது, அதற்கு முன்னால். முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூக்கம், காய்ச்சல் உண்டா, மாதவிலக்கு நாளா, நின்றுகொண்டிருந்தாரா படுத்திருந்தாரா, என்ன செய்துகொண்டிருந்தார். கடைசிக் கேள்வியை லேசாக விடாதீர்கள். தலைக்கு வெந்நீர் ஊற்றிக் குளிக்கும்போது மட்டும் வருகிற ஒரு வகை வலிப்பு உண்டு. தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகப் பக்கம், அது நிறையப் பதிவாகியிருக்கிறது. சாப்பிடும்போது மட்டும் வருகிற வகையும் இருக்கிறது. 'எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளெல்லாம் வருகிறது' என்று ஒரு பாட்டி சொன்னால் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாமல் எழுதிவையுங்கள்.

இரண்டாவது, அப்போது. எச்சரிக்கை மாதிரி ஏதாவது தெரிந்ததா? சிலருக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவதுபோல் இருக்கும், சிலருக்கு இல்லாத நாற்றம் வரும், இதெல்லாம் ஏற்கெனவே நடந்திருக்கிறதே என்ற உணர்வு வரும். தலையும் கண்ணும் எந்தப் பக்கம் திரும்பின, முதலில் எந்தக் கை இழுத்தது, கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, முகம் வெளுத்ததா நீலம் பாய்ந்ததா. ஒரு பக்கம் மட்டும் தொடங்கினால், மூளையில் எந்த இடம் என்று டாக்டரால் ஊகிக்க முடியும்.

மூன்றாவது, பிறகு. நாக்கின் ஓரம் கடிபட்டதா, உடையில் சிறுநீர் போனதா, எத்தனை நிமிடத்தில் ஆள் அடையாளம் தெரிந்தது, தூங்கிவிட்டாரா, ஒரு கை மட்டும் கொஞ்ச நேரம் தூக்க முடியாமல் இருந்ததா. சாதாரண மயக்கத்திலும் கை கால் சில விநாடி வெட்டும், ஆனால் படுத்ததும் சட்டென்று தெளிந்துவிடும். வலிப்புக்குப் பிறகு பல நிமிடம் குழப்பம் இருக்கும். எனக்குத் தங்கையின் பெயர் வர இருபது நிமிடம் ஆகும்.

இவ்வளவும் பெரிய வலிப்புக்கு. சின்ன வலிப்புகளை யாரும் வலிப்பென்றே எண்ணுவதில்லை. பாடம் நடக்கும்போது பத்து விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கும் குழந்தை, 'கவனம் இல்லை' என்று வகுப்பில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும். பேச்சுக்கு நடுவே நின்றுபோய், உதட்டைச் சப்புக்கொட்டி, சட்டை பட்டனைத் தடவிக்கொண்டிருக்கிறவரை 'யோசனையில் இருக்கார்' என்று விட்டுவிடுவார்கள்.

இனி டம்ளர். பத்தாம் வகுப்புக் காலத்திலிருந்தே காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் என் கைகள் மின்சாரம் பட்டதுபோல் ஒரு துள்ளு துள்ளும். நினைவெல்லாம் இருக்கும். பிரஷ் பறக்கும், காப்பி கொட்டும், டம்ளர் உடையும். "கையில என்ன எண்ணெயா தடவி வச்சிருக்கே?" என்று அம்மா கேட்பார். பரீட்சைக்குக் கண்விழித்த மறுநாள் அதிகமாக இருக்கும். அதைக் கேலி செய்வதற்காகத் தங்கை ஒருநாள் வீடியோ எடுத்து வைத்திருந்தாள். அதை நாங்கள் எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. வலிப்பு என்றால் கீழே விழுந்து நுரை தள்ளுவது என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம்.

யாரிடம் போவது

பெரியவர்களுக்கு நரம்பியல் மருத்துவர், நாம் சொல்வதுபோல் நியூரோ டாக்டர். குழந்தைகளுக்குக் குழந்தை நரம்பியல் மருத்துவர் கிடைத்தால் நல்லது. நியூரோ சர்ஜன் வேறு, அவர் ஆபரேஷன் செய்பவர். முதல் சீட்டை அங்கே போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற இடங்களில் நரம்பியல் துறை இருக்கிறது. எந்த நாள் ஓ.பி. என்று விசாரித்துவிட்டுப் போங்கள். கூட்டம் அதிகம்தான், ஆனால் வலிப்பு மாத்திரை வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டியது. மாதாமாதம் இலவசமாகக் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மூன்றாவது மாதம் புரியும்.

பெரிய டாக்டரிடம் கிடைப்பது பத்து நிமிடமாக இருக்கலாம். அதனால் உள்ளே போனதும் ஊர்க்கதையில் தொடங்காதீர்கள். 'இதுவரை இத்தனை தடவை, முதல் தடவை இந்தத் தேதி, கடைசித் தடவை இந்தத் தேதி, இதோ வீடியோ' என்று நோட்டை நீட்டுங்கள். பிறந்தபோது சிக்கல், குழந்தையில் காய்ச்சலோடு வந்த வலிப்பு (எங்கள் பக்கம் ஜன்னி என்பார்கள்), தலையில் பட்ட பழைய அடி, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்பதையெல்லாம் கேட்பார்கள். பெரியவர்கள் மறைப்பது இந்தக் கடைசிக் கேள்வியில்தான். என் அப்பாவின் சித்தப்பாவுக்கு 'வெட்டு' வரும் என்பது இரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. முக்கியமாக, விழுவதைப் பார்த்தவரை உடன் அழைத்துப் போங்கள். மாமனார் செல்வாக்கானவர் என்பதற்காக, பார்க்காத அவரைக் கூட்டிப்போவதில் பயனில்லை.

ஈ.ஈ.ஜி.யும் எம்.ஆர்.ஐ.யும்

ஈ.ஈ.ஜி. என்பது மூளையின் மின்னோட்டத்தைத் தலைக்கு வெளியே இருந்து பதிவு செய்வது. வலிக்காது, ஷாக் கொடுப்பதும் இல்லை. ஊரில் பாதிப் பேருக்கு இந்தப் பயம் இருக்கிறது. முந்தின நாள் ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய் ஒரு சொட்டுகூட வைக்காமல் போக வேண்டும். எண்ணெய்த் தலையில் ஒயர் ஒட்டாது. நீளமுடிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஒயரை ஒட்டும் பசை முடியில் அப்பிக்கொள்ளும், வீட்டுக்கு வந்து வெந்நீரில் அலசினால்தான் போகும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டே போகலாம். மாத்திரையை நிறுத்தச் சொல்லாதவரை நிறுத்தக்கூடாது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நடுவில் வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள், கண்ணெதிரே பளிச் பளிச்சென்று விளக்கடிப்பார்கள்.

ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வந்தால்? நாங்கள் அன்றைக்கு ஸ்வீட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். அது தப்பு. உண்மையிலேயே வலிப்பு நோய் இருப்பவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் ஈ.ஈ.ஜி. நார்மலாகவே வரும். அந்த அரை மணியில் மூளை சும்மா இருந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. தலைகீழாக, ஒருபோதும் வலிப்பு வராத சிலருக்கும் ஈ.ஈ.ஜி.யில் ஏதாவது தெரியலாம். அதனால் நடந்த கதையோடு சேர்த்துப் படித்தால்தான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு. சந்தேகம் நீங்காவிட்டால், இரவு தூங்காமல் வரச் சொல்லி மறுநாள் எடுப்பார்கள். தூக்கம் கெட்ட மூளையிலும், அதற்குப் பிறகு வரும் அரைத்தூக்கத்திலும்தான் கோளாறு தலைகாட்டும். அதுவும் போதாவிட்டால் வீடியோ ஈ.ஈ.ஜி.: நாள்கணக்கில் அட்மிட் செய்து, கேமராவையும் ஒயரையும் சேர்த்து ஓடவிட்டு, வலிப்பு வரும்வரை காத்திருப்பது.

எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைக் காட்டும். சீட்டில் வலிப்புக்கான முறையில் எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண முறையில் எடுத்தால் சின்னத் தழும்பு தப்பிவிடும், பிறகு இரண்டாவது முறை பணம் கட்டி எடுக்க வேண்டியிருக்கும். மெட்டி, மூக்குத்தி, தாலிக்கொடி, அரைஞாண், ரவிக்கையில் குத்தியிருக்கும் ஊக்கு எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். கழற்ற முடியாத மூக்குத்தியோடு வாசலில் நிற்காமல் வீட்டிலேயே கழற்றிவிட்டுப் போங்கள். உள்ளே சத்தம் காதைப் பிளக்கும், பஞ்சு கொடுப்பார்கள்.

நம் நாட்டில் ஸ்கேனில் அடிக்கடி தென்படும் ஒரு காரணம், பன்றி நாடாப்புழுவின் கூடு. சின்ன வளையம் மாதிரித் தெரியும். 'நாங்கள் சுத்த சைவம்' என்று பலர் கோபப்படுவார்கள். பன்றிக்கறி சாப்பிடாதவருக்கும் வரும். புழு இருக்கும் ஒருவரின் மலத்தில் வெளியேறும் முட்டை, கழுவாத கையாலோ பச்சையாகத் தின்னும் கீரை காய்களாலோ வயிற்றுக்குள் போய்விட்டால் போதும். காசநோய்க் கட்டியும் ஸ்கேனில் இதேபோல் தெரியக்கூடும் என்பதால் டாக்டர்கள் இரண்டையும் பிரித்துப் பார்ப்பார்கள். ஒற்றைக் கூடாக இருந்தால் பலருக்கு மாதக்கணக்கில் கரைந்துவிடும்.

எல்லாம் நார்மல் என்று வந்து, காரணமும் தெரியாமல் இருந்தால் மனம் உடையாதீர்கள். உலக அளவில் வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் தெரிவதில்லை. 'இது வலிப்பு நோயா?' என்பது ஒரு கேள்வி, 'ஏன் வந்தது?' என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு விடை கிடைக்காமலே முதலாவதற்கு வைத்தியம் செய்யலாம்.

எப்போது பெயர் வைப்பார்கள்

வெளிக்காரணம் எதுவும் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளியில் இரண்டு முறை வந்தால் வலிப்பு நோய் என்பார்கள். சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2014-இல் இதை விரிவாக்கியது. ஒரே ஒரு முறை வந்திருந்தாலும், ஸ்கேனையும் ஈ.ஈ.ஜி.யையும் பார்த்து, அடுத்த பத்து ஆண்டுகளில் மறுபடி வரும் வாய்ப்பு 60 விழுக்காடாவது இருக்கும் என்று தெரிந்தால் அதுவும் வலிப்பு நோய்தான். அதனால், 'ஒரு தடவைதானே, எதற்கு மாத்திரை' என்றும், 'எதற்கும் இருக்கட்டும்' என்றும் வீட்டில் முடிவெடுக்காமல், 'எனக்குத் திரும்ப வரும் வாய்ப்பு எவ்வளவு?' என்று டாக்டரிடமே கேளுங்கள்.

எந்த வகை என்பது வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை. இரண்டாவதாகப் பார்த்தவர் எனக்குக் கார்பமாசெபைன் கொடுத்தார். பல வகை வலிப்புக்கு நல்ல மருந்து அது. எனக்குக் காலைத் துள்ளல் இரண்டு மடங்கானது. மூன்றாவது டாக்டர் ரிப்போர்ட் கட்டைப் பிரிக்கவே இல்லை. "காலைல கையிலேர்ந்து ஏதாவது நழுவுமாம்மா?" என்று கேட்டார். அம்மாவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கை அந்தக் கேலி வீடியோவைக் காட்டினாள். அந்தத் துள்ளலும் வலிப்புதான் என்பதைத் தூங்காமல் எடுத்த ஈ.ஈ.ஜி. உறுதி செய்தது. பதின்ம வயதில் தொடங்கும் ஒரு வகை, கார்பமாசெபைன் அதைக் கிளறிவிடக்கூடியது.

'இது வலிப்பு நோய் இல்லை' என்றால்

சிலருக்கு வீடியோ ஈ.ஈ.ஜி.யில், உடம்பு உதறும்போதும் மூளையின் மின்னோட்டம் சரியாகவே இருக்கும். மன அழுத்தத்தோடு தொடர்புடைய, வலிப்பு போன்ற தாக்குதல்கள் இவை. இதை வீட்டில் உடனே 'நடிப்பு' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். நடிப்பு இல்லை, அவர் கட்டுப்பாட்டில் இல்லாமல்தான் வருகிறது. வலிப்பு மாத்திரை இதற்கு வேலை செய்யாது, மனநல நிபுணரோடு பேசிச் செய்யும் சிகிச்சை பலன் தரும். இரண்டும் ஒரே ஆளுக்கு இருப்பதும் உண்டு. 'பேய் பிடித்திருக்கிறது' என்று கட்டிப்போட்டு அடிக்கிற இடங்களுக்குப் போவது இந்த வகைக்காரர்கள்தான் அதிகம் என்று எனக்கொரு சந்தேகம். கோயிலுக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார். மாத்திரை டப்பாவையும் நோட்டையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

விடை கிடைக்கும்வரை வீட்டில்

குளியலறைத் தாழ்ப்பாளைப் போடாதீர்கள், கதவைச் சாத்தி வெளியே ஒரு துண்டைத் தொங்கவிட்டால் ஆள் இருப்பது தெரிந்துவிடும். கிணற்றடி, குளம், மொட்டை மாடிக் கைப்பிடிச்சுவர், ஆள் இல்லாத நேரத்தில் அடுப்பு: இந்த நான்கும் கவனம். சோறு வடிக்கும்போது விழுந்து வெந்துபோன கைகளை நான் ஓ.பி. வரிசையில் பார்த்திருக்கிறேன். குக்கரும் இண்டக்‌ஷன் அடுப்பும் இந்த விஷயத்தில் பரவாயில்லை. பஸ் படிக்கட்டில் நிற்க வேண்டாம். வேலையிடத்தில் ஒருவருக்காவது சொல்லிவையுங்கள், செல்போனைத் திறக்காமலே பார்க்கும்படி ஒரு உறவினர் எண்ணைப் போட்டுவையுங்கள்.

வண்டி ஓட்டக்கூடாது. டூவீலரும்தான், 'பக்கத்துத் தெரு வரைக்கும்' என்பதும்தான். ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-இல் வலிப்போ திடீர் நினைவிழப்போ உண்டா என்று கேள்வியே இருக்கிறது. ஊரில் இருந்துகொண்டு வண்டி இல்லாமல் வேலைக்குப் போவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். இதில் மட்டும் என்னால் குறுக்குவழி சொல்ல முடியவில்லை.

மாத்திரை தொடங்கியபின்

சரியான மருந்து கிடைத்தால் பத்தில் ஏழு பேர் வலிப்பில்லாமல் இருக்க முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் 'ஆறு மாசமா வரலையே' என்று தானாக நிறுத்தியவர்கள்தான் எமர்ஜென்சிக்கு நள்ளிரவில் வருகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். மாத்திரை தொடங்கிய வாரங்களில் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றைக்கே காட்டுங்கள். லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மருந்து சிலருக்குக் கோபத்தைக் கிளப்பும். முதல் மாதம் நான் வீட்டில் எல்லோரிடமும் சண்டை போட்டேன், மருந்து என்று தெரியாமல் அம்மா எனக்குத் திருஷ்டி சுற்றிப்போட்டார். குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்கள், சீட்டில் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து இருந்தால் அதைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். கர்ப்ப காலத்தில் அதைச் சாப்பிட்டால் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குப் பிறவிக் குறையும், நூற்றுக்கு 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சிச் சிக்கலும் வரக்கூடும். அதற்காகப் பயந்து நீங்களே நிறுத்திவிடவும் கூடாது. கருத்தரிக்கும் முன்பே மாற்ற வேண்டியதை டாக்டர் மாற்றுவார்.

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் சாப்பிட்டும் நிற்கவில்லை என்றால், மூன்றாவது நான்காவது என்று வருஷங்களை ஓட்டாமல், வலிப்புக்கென்றே தனிப்பிரிவு உள்ள இடத்துக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி. ஆகியவை நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை. தகுந்தவர்களுக்கு அறுவை சிகிச்சையும் உண்டு.

கல்யாணப் பேச்சு வந்தால் மறைக்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது, 1999-இல் அந்தச் சொல்லை நீக்கிவிட்டார்கள். சட்டம் தடுக்கவில்லை. மறைத்தால் என்ன ஆகும் என்றால், புகுந்த வீட்டில் மாத்திரையை எங்கே ஒளித்து வைப்பது என்பதே முதல் கவலையாகும், இரண்டாவது வாரம் ஒரு வேளை தவறும், அப்புறம் எல்லோர் முன்னாலும் விழ வேண்டியிருக்கும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அன்றே சொன்னேன். இரண்டு வரன் போனது. மூன்றாமவர் நோட்டை வாங்கிப் படித்துவிட்டு, "விழும்போது நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

இப்போது கல்யாண வீடு என்றால் முந்தின நாள் ரிசப்ஷனில் தலையைக் காட்டிவிட்டு ஒன்பது மணி மாத்திரையோடு படுத்துவிடுவேன். நாலரை மணி முகூர்த்தம் என்றால் வர முடியாது, சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அத்தைக்கு இன்னும் வருத்தம்தான். எங்கள் வீட்டில் காலைக் காப்பி மட்டும் இன்றைக்கும் எவர்சில்வர் டம்ளரில்தான்.